ஆறு அட்டைகளும் ஓர் ஆறும்

கெனெவேக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. பதினெட்டு வயதில் லெசோத்தோ எல்லை தாண்டி தென்னாப்பிரிக்காவின் ஃபிக்ஸ்பர்க் போனவள், நாலு வருஷத்தில் மூன்று வேலை மாறியிருந்தாள். கடைசியாகப் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட வீட்டில், கொரோனா வந்ததும் வாசலிலேயே பையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஊர் வந்து சேர்ந்த மறுநாள் எல்லையை மூடினார்கள்.

எல்லைக்கு இந்தப்புறம் மாபுட்சோவில் அண்ணன் வீடு. அண்ணன் வேலை பார்த்த தையல் ஆலையும் பூட்டிக் கிடந்தது. கெனெவே அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

"தரை தேயுதுடி, உட்காரேன்" என்றாள் அண்ணி மாநேயோ.

"உட்கார்ந்தா பசிக்குது அண்ணி."

ஜூனில் அண்ணியின் எச்.ஐ.வி. மாத்திரை தீரப்போனது. அவளும் முன்பு எல்லை ஆற்றுக்கு அக்கரையில் வேலை செய்தவள். மருத்துவ அட்டையும் அங்கேதான் பதிவாகியிருந்தது. "நான் வாங்கிட்டு வரேன்" என்று கெனெவே கிளம்புவதற்குள் விஷயம் கசிந்து, மேலும் ஐந்து பேர் அட்டையை நீட்டினார்கள். ஐந்து பேருக்கும் வெறும் ரத்தக் கொதிப்புதானாம். அவள் ஆறு அட்டையையும் ஒரே பையில் போட்டுக்கொண்டாள்.

மொஹோகாரே ஆற்றில் தொடையளவு தண்ணீர். குளிர் எலும்பைக் கடித்தது. அட்டைப் பையைத் தலையில் வைத்துக் கடந்தாள். அக்கரையில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய்.

"திரும்பிப் போ, தங்கச்சி."

"மாத்திரை வாங்கிட்டு நானே போயிடறேன் அண்ணே. பிடிச்சு வச்சா சோறு நீங்கதான் போடணும்."

பையைப் பிரித்துப் பார்த்தான். "ஆறு பேரும் நீதானா?"

"எனக்கு ஆறு வியாதி."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னைக்கு எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. நாளைக்கு நிக்கிறவனுக்கு நல்லாத் தெரியும், பார்த்துக்கோ."

மருத்துவமனையில் ஐந்து அட்டைக்குத்தான் மருந்து கிடைத்தது. ஆறாவது, பக்கத்து வீட்டு ரெதபிலேயுடையது. தவணை பல தவறியதால் அவரே நேரில் வர வேண்டும் என்றாள் செவிலி. ஊர் திரும்பி கெனெவே வெறும் அட்டையைத் தந்தபோது ரெதபிலே, "பரவாயில்லம்மா" என்றார். அந்த ஒரு சொல் கெனெவேயைத் தூங்கவிடவில்லை. செவிலியிடம் கெஞ்சிப் பார்க்கலாம் என்று அடுத்த வாரம் மறுபடி ஆற்றில் இறங்கினாள். வேறொரு சிப்பாய் பாதி ஆற்றிலேயே விரட்டினான். மூன்றாம் முறை ரெதபிலேயையே கைப்பிடித்துக் கூட்டிப்போனாள். மருந்து கிடைத்தது.

அக்டோபரில் எல்லை திறந்தது. ஆனால் எல்லையில் கேட்ட கொரோனா பரிசோதனைச் சீட்டுக்கு அவளுடைய பழைய ஒரு மாதச் சம்பளம்கூடப் போதாது. பழைய வீட்டிலோ வேறு பெண் வந்துவிட்டாள். கெனெவே ஆற்று வழியாகவே போய்ச் செர்ரித் தோட்டத்தில் பழம் பறிக்கச் சேர்ந்தாள். முதல் நாள் மதியமே, பழம் ஏற்ற வந்த லாரி ஓட்டுநரிடம் கேட்டாள்:

"ஏன் அண்ணே, இந்த வண்டி இங்கேருந்து எங்கே போகும்?"