பாதாளத்தில் விட்டு வந்தவன்

கடவுச்சீட்டில் முத்திரை குத்தும் குடிநுழைவுத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற என்னைப் போன்றவனைக் கதை எழுதச் சொன்னால், பாதாளத்திலும் பெயர் கூப்பிட்டு ஆளனுப்பும் முகப்பிடம் திறந்துவிடுவான். பெரிய வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் நடுவே வரும் சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில் வாசிக்க ஒரு கதை வேண்டும் என்று எங்கள் தம்போய் ஊர்ச் சபைப் போதகர் கேட்டார். சிலுவையில் மரித்த ஆண்டவர் அந்த ஒரு நாள் பாதாளத்தில் இறங்கி என்ன செய்தார் என்று எழுதினேன். வேதத்தில் அதைப்பற்றி அதிகமில்லை. எனக்கு வசதியாகப் போயிற்று.

என் கதையில் ஆண்டவர் வாசலைத் திறந்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்கிறார். இறந்தவர்கள் வரிசையாக வெளியேறுகிறார்கள். ஒருவன் மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவன். அவனையும் அழைக்கிறார். அவன் எழவில்லை. வாசல் மூடிக்கொள்கிறது. அழைத்தும் வராதவனை என்ன செய்வது? கோட்பாட்டில் பிழையில்லை என்று போதகரும் சொன்னார்.

வாசித்து முடித்துத் தேநீர் குடிக்கும்போது ஒரு பெண் என்னிடம் வந்தார். தொழிற்சாலை கேண்டீனில் சமைப்பவர். சென்ற ஆண்டு அவருடைய ஒரே மகன் இறந்தபோது விபத்து என்று சொல்லித்தான் ஜெபித்தோம். எப்படி இறந்தான் என்பது சபையில் எல்லோருக்கும் தெரியும். எழுதும்போது எனக்கு அது நினைவில் வரவேயில்லை.

“அங்கிள், அவன் ஏன் எந்திரிக்கல?”

“அது கதைதாம்மா. நானா எழுதினது.”

“நீங்க எழுதினதுன்னா நீங்களே எழுப்பலாமே. இன்னொரு தடவ கூப்பிட்டா ஆண்டவரு கொறஞ்சா போயிருவாரு?”

“அலமாக், விடு லா. அங்கிள் டீ குடிக்கட்டும்,” என்று சலித்துக்கொண்டார் கூட வந்த அவருடைய அக்கா.

“குடிக்கட்டும். நான் என்ன கப்பையா புடுங்குறேன்?” என்றவர் என்னைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “என் மகனும் அப்படித்தான் அங்கிள். கூப்பிட்டா வரமாட்டான். கிட்டப் போய் தோள்ல கை வைக்கணும்.”

மறுநாள் உயிர்த்தெழுதல் ஆராதனையில் எல்லோரும் எழுந்து பாடினோம். நான் நின்றது கடைசி வரிசை. எனக்குப் பின்னால் ஒருவன் எழாமல் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. திரும்பினேன். சுவர்தான் இருந்தது. அதன்பிறகு வீட்டிலும் அந்த உணர்வு விடவில்லை. சோறு உண்ணும்போதும் முதுகுப்பக்கம் அவன் இருந்தான்.

கதையைத் திருத்தப் பார்த்தேன். அவனை எழுப்பி நடக்கவிட்டால் பொய்யாகத் தெரிந்தது. கடைசியில் ஆண்டவரை உள்ளே திருப்பி அனுப்பினேன். அவர் அவன் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை வைத்தார். வாசல் திறந்தே கிடந்தது. அதற்குமேல் ஒரு வரியும் வரவில்லை.

அடுத்த ஞாயிறு சபை வாசலில் அதை அந்தப் பெண்ணுக்கு வாசித்துக் காட்டினேன்.

“திரும்பிப் பாத்தானா?” என்றார்.

“இன்னும் இல்லம்மா.”

“ஆண்டவரு?”

“அங்கதான் இருக்காரு.”



“சரி அங்கிள். அவன அவசரப்படுத்தாதீங்க.”