மூங்கில் பெண்ணின் மெட்டி

மாணிக்கம் போய்விட்டான். காலையில் ஹார்ட் அட்டாக். மணலூர்பேட்டையில் அவன் வீட்டுக்குப் போய் மாலை போட்டுவிட்டு இப்போதுதான் வந்தேன்...

கள்ளக்குறிச்சி பட்டறையில் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் மரத்தில் அச்சு செதுக்குவேன். அவன் அதை மண்ணில் பதித்து வெண்கலம் ஊற்றுவான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவன் மேல் எனக்குப் பொறாமை. வயிறு எரியும்.

மணிலாவில் ஒரு ஹோட்டல் சுவருக்கு ஆர்டர் வந்தது. அவர்கள் ஊர்ப் பழங்கதைகள் வெண்கலப் புடைப்புச் சிற்பமாக வேண்டுமாம். நிலாவை விழுங்கும் பாம்பு... பறவை கொத்திப் பிளந்த மூங்கிலிலிருந்து வெளியே வரும் முதல் ஆண், முதல் பெண்.

அந்த மூங்கிலுக்காக மலைமேல் கரியாலூர் வரை பஸ்ஸில் போய்க் கணுவைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். அவன் இல்லை.

மூங்கில் சிற்பத்தை மட்டும் ஒரு நாள் லேட்டாக முடித்தான். நானே முதலாளியிடம் போட்டுக்கொடுத்தேன்.

"கொஞ்சம் பிசிறு இருந்துச்சுங்க... அரத்தால ராவிக்கினு இருந்தேன்" என்றான். நன்றாகத் திட்டு வாங்கினான். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

ஆனால் சிற்பங்களை மாட்ட மணிலா போக ஒரே டிக்கெட். அவனுக்குத்தான் கிடைத்தது! என் அச்சைக் கேட்டு வாங்கி, கோபத்தில் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

திரும்பி வந்தவனை ஊரே 'மணிலா மாணிக்கம்' என்றது. எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கும் மணிலா என்றுதான் பேர், மல்லாட்டை என்றும் சொல்வோம். நான் மட்டும், "இன்னா மாணிக்கம், மல்லாட்டை யாவாரம் எப்டி போவுது?" என்று கேட்பேன். சிரித்துவிட்டுப் போவான். அந்தச் சிரிப்பும் பிடிக்காது.

இன்று அவன் தலைமாட்டில் அந்த மணிலா போட்டோ, பெரிதாக்கி பிரேம் போட்டு. மூங்கில் சிற்பத்துக்குப் பக்கத்தில் நிற்கிறான்.

நான் அவனைப் பார்க்கவில்லை. நான் செதுக்கிய பெண்ணைத்தான் பார்த்தேன். கால் விரலில் ஒன்றும் இல்லை. எனக்கு என்னவோ உறுத்தியது...

வீட்டுக்கு வந்ததும் சாக்கைப் பிரித்தேன். இத்தனை வருஷத்தில் இன்றுதான்.

மரத்தில் மெட்டி இருக்கிறது.

அம்மன் சிலைகளுக்குச் செதுக்கிய கை, பழக்கத்தில் போட்டிருக்கிறது. மூங்கிலிலிருந்து அப்போதுதான் வெளியே வருகிறாள், உலகத்தின் முதல் பெண். அவளுக்கு யார் கல்யாணம் பண்ணி வைத்தது?

அவன் ராவியது பிசிறு இல்லை.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே என் வேலை போயிருக்கும். முதலாளியிடம் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. மல்லாட்டை யாவாரம் கேட்டபோதுகூட.

அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன்.

போய் வா மாணிக்கம்... இப்போதும் பொறாமைதான். முன்னைவிட ஜாஸ்தி.