நெர்மின் அக்காவின் தட்டில் ஆறு கட்லட்

போன சனிக்கிழமை எங்கள் சமையலறை சீலிங்கில் ஓர் உருண்டை பச்சை இறைச்சி ஒட்டிக்கொண்டது.

தானாக ஒட்டவில்லை. என் கணவர் குறிபார்த்து எறிந்தார். ஒட்டியதும் மூன்று பேர் நின்று கை தட்டினோம்.

பதறாதீர்கள். லண்டன் இல்ஃபோர்ட்டில் யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. எல்லாம் நான் சொன்ன ஒரு சின்னப் பொய்யால் வந்த வினை. சின்னது என்றுதான் நானும் நினைத்தேன்...

பக்கத்து வீட்டு நெர்மின் அக்காவைப் பற்றி முன்பும் எழுதியிருக்கிறேன். புதிதாக வாசிப்பவர்களுக்காகச் சில வரிகள். துருக்கியில் ஊர்ஃபா என்ற ஊரைச் சேர்ந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வீட்டிலேயே மெஷின் வைத்து ஒரு தொழிற்சாலைக்குப் பாவாடை தைத்துக் கொடுக்கிறார். நாங்கள் இந்தத் தெருவுக்கு வந்த முதல் குளிர்காலம், ஹீட்டிங் வேலை செய்யாமல் நான் மூன்று சுவெட்டருக்குள் நடுங்கிக்கொண்டிருந்தபோது, கதவைத் தட்டி ஒரு ஹீட்டரைக் கையில் திணித்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போனவர். எனக்குக் காய்ச்சல் என்றால் சூப்போடு வருகிறவர். லண்டனில் எங்கள் வீட்டுச் சாவி வைத்திருக்கும் ஒரே ஆள். சொந்தக்காரர் எல்லாரும் நகரத்தின் மறுமுனையில், டூட்டிங்கில். ஃபோன் பண்ணினால் உடனே வருவார்கள் — அடுத்த மாதம்.

ஆகவே இந்த அக்கா என்னோடு கோபித்துக்கொண்டால் எனக்கு இங்கே யாரும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

மூன்று வாரத்துக்கு முன், ஒரு வியாழக்கிழமை. ஷிப்ட் முடிந்து வந்து சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை. அக்கா ஒரு பெரிய தட்டோடு வந்து நின்றார். தட்டு நிறைய விரல் அடையாளம் பதிந்த சிவப்பு உருண்டைகள். சுற்றிவர லெட்டஸ் இலை, எலுமிச்சைத் துண்டு.

"ச்சீ கொஃப்தே," என்றார் பெருமையோடு.

பெயரே அப்படித் தொடங்கினால் நான் என்ன செய்வது?

நாங்கள் இருவரும் பேசிக்கொள்வது உடைந்த ஆங்கிலத்தில். அவர் ஓரிடத்தில் உடைப்பார், நான் இன்னோரிடத்தில் உடைப்பேன். உங்கள் வசதிக்காக எங்கள் தமிழிலேயே தருகிறேன்.

"இறைச்சி, உடைச்ச கோதுமை, மிளகாய். அடுப்புத் தேவையில்லை. கையாலை பிசைஞ்சாச் சரி," என்றார். அவ்வளவையும் கேட்டுச் சிரித்து, நன்றி சொல்லி, கதவை மூடினேன்.

என் கணவர் ஓர் உருண்டையைத் தூக்கி மணந்து பார்த்தார்.

"என்னப்பா இது, பச்சை இறைச்சியோ?"

"ஓம். அப்பிடியே தின்னுறதாம்."

"நான் என்ன நரியோ?"

எறிய மனம் வரவில்லை. கொடுத்தவர் யார்? எடுத்து வைக்கவும் முடியாது. மறுநாள் வெள்ளி, எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் கிடையாது. சனிக்கிழமை வரை பச்சை இறைச்சியை வைத்திருந்தால் அதற்குப் பிறகு அதைப் பூனையும் தொடாது.

சரி, யாழ்ப்பாணத்துக்காரி ஒருத்தியின் முன்னால் ஓர் உருண்டையை வைத்தால் அவள் கை என்ன செய்யும்? சந்தேகமே வேண்டாம். முட்டையில் தோய்க்கும், ரஸ்க் தூளில் பிரட்டும், எண்ணெயில் போடும். பிறந்தநாள், சாமத்தியவீடு, கல்யாணம்... ஏன், கவுன்சில் ஃபோர்ம் நிரப்பித் தந்தவருக்கு நன்றி சொல்லக்கூட நாங்கள் கட்லட்தான் பொரிப்போம். அன்றும் என் கை தன்பாட்டில் வேலை செய்தது.

இருபது கட்லட். பொன்னிறம். இருவருமாகப் பதினான்கை முடித்தோம். "உம்மடை மீன் கட்லட்டை இனி விடும். இதெல்லோ கட்லட்!" என்று எனக்குச் சான்றிதழ் வேறு கிடைத்தது. மீதி ஆறும் பிரிட்ஜுக்குப் போயின.

வெள்ளிக்கிழமை காலை கதவு தட்டுப்பட்டது. அக்கா. வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்களாம், தட்டு வேண்டுமாம்.

இங்கேதான் நம்மவருடைய வியாதி. கொடுத்தனுப்பிய தட்டை நாம் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்போமா? ஒரு பிடி சீனியாவது போட்டுத்தானே கொடுப்போம்? அன்று பார்த்துச் சீனியும் முடிந்திருந்தது. பிரிட்ஜைத் திறந்தேன். பால், ஒரு கத்தரிக்காய், ஆறு கட்லட்.

கத்தரிக்காயைக் கொடுத்திருக்கலாம். இப்போது தெரிகிறது.

"எங்கடை ஊர்க் கட்லட், அக்கா," என்றேன். ரஸ்க் தூள் போர்த்தியிருக்கிறதே, உள்ளே இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது? கொஃப்தே எப்படி இருந்தது என்று கேட்டார். "தட்டு வழிச்சுத் துடைச்சாச்சு. அப்பிடியே சாப்பிட்டம்," என்றேன். ஒரு நிமிடத்தில் இரண்டு பொய். காசா, பணமா?

பின்னேரமே திரும்பி வந்துவிட்டார்.

"தங்கச்சி, அந்தக் கட்லட்! என்ன ருசி! எனக்குச் செய்யக் காட்டித் தரவேணும்."

அவர் கொடுத்ததையே அவருக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கு முதலில் அதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரிய வேண்டும்! ஆனால் பாருங்கள், பொய் சொல்லும் நேரத்தில் மட்டும் மூளை எவ்வளவு சுறுசுறுப்பாகிறது...

"அதுக்கென்ன அக்கா. முதல்லை நீங்கள் உங்கடை கொஃப்தேயைக் காட்டித் தாங்கோ. பிறகு நான் என்ரையைக் காட்டுறன்."

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லது," என்றார். இரண்டு வாரம் கழித்து வரும் சனிக்கிழமை என்று நாளும் குறித்தாயிற்று.

கணவர் வேலையால் வந்ததும் அழாக்குறையாகச் சொன்னேன்.

"உமக்கு விசரே? உண்மையைச் சொல்லிப்போட்டு விடவேண்டியதுதானே."

"என்னெண்டு சொல்லுறது? நீங்கள் தந்ததைத் தின்ன அருவருப்பா இருந்தது, பொரிச்சு உங்களுக்கே திருப்பித் தந்தனான் எண்டோ?"

"ஓம்."

"அப்ப நீங்களே போய்ச் சொல்லுங்கோ."

அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

சிரிக்காதீர்கள். இரண்டு வாரம் எனக்கு ஒழுங்கான தூக்கம் இல்லை. தந்த சாப்பாட்டை அருவருத்தவள் என்று தெரிந்தால் யார்தான் பிறகு கதவைத் தட்டுவார்கள்? நானாக இருந்தால் தட்டமாட்டேன்.

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. அக்கா இரண்டு பைகளோடும், ஓரம் உயர்ந்த ஒரு பெரிய தட்டத்தோடும் வந்தார். துருக்கிக் கடைகள் நிறைந்த கிரீன் லேன்ஸுக்கு இரண்டு பஸ் மாறிப் போய் வாங்கிவந்த புல்குர், அதாவது அவித்துக் காயவைத்து உடைத்த கோதுமை, நம்முடைய ரவையின் அக்கா மாதிரி. கறுத்த நிறத்தில் எண்ணெய்ப் பிடிப்பான ஒரு மிளகாய்த் தூள். அது ஊர்ஃபாவிலிருந்தே வருகிறதாம். தக்காளி விழுது, வெங்காயம், உள்ளி. கடைசியாக இறைச்சி. கொழுப்பு ஒரு பொட்டு இல்லை, நரம்பு இல்லை. காலையில் வெட்டி மூன்று தரம் அரைத்தது.

"நீங்கள் மாடு சாப்பிடமாட்டியள் எண்டு ஆடாப் பார்த்து வாங்கினனான்," என்றார்.

நான் சிங்க்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

(ஒரு எச்சரிக்கை: இது செய்முறைக் குறிப்பு அல்ல. சூப்பர்மார்க்கெட்டில் அரைத்த இறைச்சியை வாங்கிப் பச்சையாகத் தின்றுவிட்டு ஆசிரியருக்குக் கடிதம் எழுதாதீர்கள்.)

"எங்கடை ஊரிலை இதைப் பிசையிறது ஆம்பிளையள்," என்றார் அக்கா.

சோஃபாவில் பேப்பர் சற்று உயர்ந்தது. முகம் மறைந்தது. பயனில்லை.

ஐந்து நிமிடத்தில் என் கணவர் சமையலறைத் தரையில், தட்டத்தை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலில் புல்குரோடு மிளகாய், வெங்காயம், விழுது. புல்குர் இளகியதும் இறைச்சி. உள்ளங்கையால் அழுத்தித் தள்ளி, மடித்து, திரும்பத் தள்ள வேண்டும். இறைச்சி சூடாகிவிடக் கூடாது என்று அக்கா இடையிடையே ஒரு ஐஸ் கட்டியைப் போட்டார். முதல் பத்து நிமிடம், யாழ்ப்பாணத்தில் வொலிபோல் விளையாடிய தன் கையைப் பற்றி என் கணவர் விரிவுரை செய்தார். இருபதாவது நிமிடம் பேச்சு நின்றது. நாற்பதாவது நிமிடம், "முடிஞ்சுதோ எண்டு கேளுமப்பா," என்று முனகினார்.

"சீலிங்குக்கு எறிஞ்சு பாருங்கோ," என்றார் அக்கா. "ஒட்டினால் முடிஞ்சுது."

எறிந்தார். நேராக அவருடைய வழுக்கையில் வந்து விழுந்தது. இன்னும் இருபது நிமிடம் பிசைந்தார். இரண்டாவது தரம் ஒட்டிக்கொண்டது. கை தட்டினோம் என்று சொன்னேனே, அது இதற்குத்தான். வீட்டுக்காரர் வாடகை வாங்க வரும்போது மேலே பார்க்காமல் இருக்க வேண்டும்.

இனித்தான் சோதனை. நாங்கள் ஏற்கெனவே "அப்படியே" சாப்பிட்ட வீரர்கள் அல்லவா? அக்கா ஓர் உருண்டையை லெட்டஸ் இலையில் சுற்றி, எலுமிச்சை பிழிந்து நீட்டினார். என் கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இருபது வருடக் கல்யாணத்தில் அப்படி ஒரு பார்வை நான் கண்டதில்லை. கண்ணை மூடினார், கசாயம் குடிப்பதுபோல விழுங்கினார்.

கண்ணைத் திறந்தார். இன்னொன்று எடுத்தார்.

நானும் சாப்பிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், இப்போதாவது. இறைச்சி என்றே தெரியவில்லை. புளிப்பு, பிறகு மெல்ல மெல்ல ஏறுகிற உறைப்பு, பல்லில் நறுக்கென்று கோதுமை. இதையா எண்ணெயில் போட்டேன்?

"இப்ப உன்ரை முறை," என்றார் அக்கா, கையைத் துடைத்துக்கொண்டு.

நான் தயாராகத்தான் இருந்தேன். மீன் டின், அவித்த உருளைக்கிழங்கு, மிளகு. எல்லாக் கட்லட்டும் கட்லட்தானே! உருட்டினேன், தோய்த்தேன், பொரித்தேன். அக்கா ஒன்றைக் கடித்து மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனால் இது அது இல்லையே."

"இல்லையோ?"

"அதிலை பல்லிலை என்னவோ சின்னன் சின்னனாக் கடிபட்டது."

"அது... ரவை, அக்கா."

"மீன் இல்லை. இறைச்சி."

"ஓம், அண்டைக்கு ஆட்டிறைச்சி போட்டனான்."

"கறுப்பா ஒரு மிளகாயும் இருந்தது. இஞ்சை அது எங்கை வாங்கினனி?"

"டூட்டிங்கிலை."

"எந்தக் கடை? திங்கட்கிழமை ரெண்டு பேருமாப் போவம். எனக்கும் வேணும்."

என் கணவர் ஒன்பதாவது கொஃப்தேயை வாயில் வைத்தபடி, "சொல்லித் துலையுமன்!" என்றார் தமிழில்.

சொன்னேன். வெள்ளிக்கிழமை, முட்டை, ரஸ்க் தூள், பிரிட்ஜ், முடிந்துபோன சீனி... ஒன்றும் விடாமல் சொன்னேன். அருவருப்பு என்ற சொல்லையும் விழுங்கவில்லை. "அக்கா, இனி இந்த வீட்டுக்கு வரமாட்டியளோ?" என்று ஒரு சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டேன்.

அக்கா முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

"முட்டையிலை தோய்ச்சனியோ?"

"ஓம்."

"நாங்களும் முட்டையிலைதான் தோய்க்கிறது. மிஞ்சின கொஃப்தேயை எண்ணெயிலை போடாத வீடு எங்கடை ஊரிலை இல்லை. ரஸ்க் தூள் மட்டும்தான் புதுசு."



"அப்ப... உங்களுக்குத் தெரியுமோ?"

"முதல் கடியிலேயே. என்ரை கைப்பிடி எனக்குத் தெரியாதோ?"

"பிறகேன் செய்யக் காட்டச் சொல்லிக் கேட்டனீங்கள்?"

"எவ்வளவு தூரத்துக்குப் போவாய் எண்டு பாக்கத்தான். டூட்டிங் வரைக்கும் போவாய் எண்டு நான் நினைக்கேல்லை."

"அக்கா! நான் ரெண்டு கிழமை நித்திரை கொள்ளேல்லை!"

"நானும்தான். சிரிப்பை அடக்கி அடக்கி."

பிறகு அவர் சீலிங்கைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். "நானும் ஒண்டு சொல்லவேணும்," என்றார்.

போன பெருநாளுக்கு அக்கா ஒரு இனிப்புத் தந்திருந்தார். நூல் நூலாக, வெண்ணெய் மணக்க, பாகில் ஊறி, மேலே பிஸ்தா தூவி... நான் அதை டூட்டிங் மச்சாளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, "துருக்கிக்காரரின்ரை கைப்பக்குவம் எங்களுக்கு வராது மச்சாள்," என்று அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். மச்சாளும் அழுத்தமாக ஆமோதித்தார்.

"அதுக்கு முதல்நாள் நீ வெள்ளையா, நூல் மாதிரி ஒரு தட்டுத் தந்தாய்," என்றார் அக்கா. "கூட ஒரு மஞ்சள் சூப்பும். சூப்பைக் குடிச்சிட்டம். மற்றதிலை உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. வெண்ணெய் போட்டு ஓவனிலை வைச்சு, சீனிப்பாகு ஊத்தி... தட்டையும் வெறுமனே திருப்பித் தரேலாதுதானே?"

என் இடியப்பம்!

என் கணவர் தரையில் உருண்டு சிரித்தார். பிசைந்த களைப்பு எங்கே போனதோ தெரியாது.

எந்த ஊரானாலும் ஒருவரை ஒருவர் ஏமாற்றுகிற விதம் மட்டும் ஒரே மாதிரித்தான் இருக்கிறது. மற்றவர் மனம் நோகக் கூடாது என்று இரண்டு பெண்கள் சொல்லிக்கொண்ட பொய்களைக் கணக்கெடுத்தால் இந்தத் தெரு முழுவதற்கும் விருந்து வைக்கலாம்.

போகும்போது வாசலில் வைத்து மெதுவாகக் கேட்டேன். "உண்மையா என்னோடை கோவம் இல்லையோ அக்கா?"

"கோவிச்சுக்கொண்டு போனால், அடுத்த தட்டை நான் ஆருக்குக் குடுக்கிறது?" என்றார்.

கண் கலங்கிவிட்டது. கறுப்பு மிளகாயின் உறைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

டூட்டிங் மச்சாள் இந்தப் பத்தியை வாசிப்பதில்லை என்ற துணிவில்தான் இவ்வளவும் எழுதினேன். ஒருவேளை வாசித்துவிட்டால்... மச்சாள், இனிப்பு நல்லாத்தானே இருந்தது?