மற்ற வகை நிரோதி

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்ஸ் லிஃப்ட் நடுவில் நின்றபோது, உள்ளே நானும் ஆறாம் மாடி உயிரியல் ரீச்சரும் மட்டும். அவருக்கு ஒட்டிய கன்னம், விரலெல்லாம் மார்க்கர் மை. மார்க்கரின் மூடியைக் கழற்றுவதும் போடுவதுமாக நின்றார். நான் அவசர மணியை விடாமல் அழுத்தினேன்.

"விடுங்கோ தம்பி. நொதியத்தின்ர, அதுதான் என்சைமின்ர, வாசலை மறிச்சு வேலையைத் தடுக்கிற நிரோதி எண்டால், உள்ள வாற பொருளை, கீழ்ப்படையை, கூட்டினால் விலகும். வேற இடத்தில பிடிச்சு நொதியத்தின்ர உருவத்தையே மாத்திற வகை எண்டால், எவ்வளவு கூட்டினாலும் சரிவராது."

"இது எந்த வகை ரீச்சர்?"

"லிஃப்டோ?" என்று சிரித்தார்.

லிஃப்ட் அசைந்து, ஆறாம் மாடியில் திறந்தது. எதிரே திறந்திருந்த ரீச்சர் வீட்டிலிருந்து ஓர் ஆண்குரல் சீறியது: "இவ்வளவு நேரமும் எங்க போனனீ?"

ரீச்சர் இறங்கவில்லை. மணியை அழுத்த வேண்டாம் என்று என்னிடம் சொன்னவர், கதவை மூடும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்.