வேப்பமரம் வரைக்கும் ஒரு கோடு

"...அங்கிட்டுத்தான் ஒருத்தரும் இல்லையே அண்ணே, அப்புறம் எதுக்கு அங்கிட்டே சாயுறீங்க?" என்றார் டீச்சர்.

கேட்டுவிட்டுத் தரையைக் காட்டினார். பள்ளி மைதானத்துச் செம்மண்ணில் அவரே சுண்ணாம்புத் தூள் தூவிப் போட்ட நேர்கோடு. முதல் நாள் மழை பெய்திருந்ததால் என் கால்தடம் அப்படியே பதிந்திருந்தது. கோட்டின் மேல் கிளம்பிய தடம், வேப்பமரத்துக்குப் போவதற்குள் இடது பக்கமாக ஒரு முழம் விலகியிருந்தது. பொய் சொல்லத் தெரியாத மண்.

எனக்கு அறுபத்து மூன்று வயது. இடது முழங்கால் வீங்கிப்போய் டாக்டரிடம் காட்டினேன். "ஒண்ணு ஓடுற விதத்தை மாத்துங்க, இல்லைன்னா ஓட்டத்தையே விட்டுருங்க" என்று சொல்லிவிட்டார். விடுவது என்னால் ஆகாது. அதனால்தான் டீச்சரிடம் வந்து நின்றேன். கறம்பக்குடிப் பக்கம் முப்பது வருடம் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணப் பந்தியில்கூட முதுகு வளையாமல் உட்கார்ந்து சாப்பிடுவார். "அவளுக்கு முதுகுல எலும்பு இல்லை மச்சான், ஸ்கேல் இருக்கு" என்பார் அவர் கணவர்.

அந்தக் கணவர்தான் என்னோடு ஓடியவர். பதினோரு வருடம், தினமும் விடிகாலையில், இதே மைதானத்தில், என் இடது பக்கம். ஓடும்போதும் அவருக்கு வாய் ஓயாது. "நீ ஓடலை மச்சான், பூமியை மிதிச்சுத் திட்டுறே" என்பார். மூச்சிரைப்பில் குரல் சன்னமாகத்தான் வரும். காதைக் கொடுத்துக் கொடுத்தே ஓடிப் பழகிவிட்டேன். அவர் போய் ஒன்றரை வருடம் ஆகிறது.

மூன்று வாரமாக டீச்சர் என்னைத் திருத்திக்கொண்டிருந்தார். "தோளைக் காதுல மாட்டிக்கிட்டு ஓடாதீங்க, எறக்குங்க." "கால எட்டிப் போடாதீங்க, இடுப்புக்கு நேர் கீழ வைங்க." "கையில அப்பளம் வச்சிருக்க மாதிரி, நொறுங்கக் கூடாது." எல்லாம் வந்தது. சாய்வு மட்டும் போகவில்லை.

ஏன் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். கடைசி நாளன்று, கடைசிச் சுற்றில், வேப்பமரத்துக்குக் கிட்டே டீச்சரின் கணவர் ஏதோ சொன்னார். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. மூச்சு முட்டிக்கொண்டிருந்தது, 'என்ன?' என்று கேட்கச் சோம்பல்பட்டு 'ம்ம்' என்று சொல்லி வைத்தேன். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. "உங்ககிட்ட கடைசியா என்ன சொன்னாரு?" என்று அன்றைக்கு டீச்சர் கேட்டார். "வழக்கமான கேலிதான் டீச்சர்" என்றேன்.

அன்றிலிருந்து வேப்பமரம் நெருங்கினால் போதும், இடது காது தானாகத் திறந்துகொள்ளும். சில நாள் பக்கத்தில் அந்த மூச்சிரைப்பு கேட்கும். ஒரு வார்த்தை கிளம்பப் போவது போல இருக்கும். நிமிர்ந்தால் அறுந்துவிடும். முழங்கால் போனாலும் போகட்டும், அதை எப்படி விட?

இப்போது டீச்சர் பதிலுக்காகக் காத்து நின்றார். தடம் எங்கள் இருவருக்கும் நடுவே கிடந்தது. சொல்லிவிட்டேன்.

அவர் தடத்தைத் தொடர்ந்து வேப்பமரம் வரைக்கும் பார்த்தார். பிறகு, "ஒண்ணுமே கேக்கலையா?" என்றார்.

"'அவகிட்ட'ன்னு ஆரம்பிச்ச மாதிரி இருந்துச்சு டீச்சர். அதுக்கப்புறம் கேக்கலை."

"அதுக்குத்தான் 'ம்ம்'னீங்களா?"

"ஆமாங்க."

"ஒன்றரை வருசமா எனக்கு வந்த சேதிய வாங்காமலேயே வச்சிருந்தீங்களா?" சிரிக்கப் பார்த்தார்; உதடு ஒத்துழைக்கவில்லை. "எந்த எடத்துல?"

வேப்பமரத்துக்கு ஐந்தாறு அடி முன்னால், என் தடம் கோட்டை விட்டு ரொம்பத் தள்ளிப்போன இடத்தைக் காட்டினேன்.

டீச்சர் கழுத்தில் தொங்கிய விசிலைக் கையில் இறுக்கிக்கொண்டு நடந்தார். என் தடத்தை மிதிக்காமல், ஓரமாகவே போனார். அந்த இடம் வந்ததும் அங்கே பதிந்திருந்த என் தடத்தின் மேல் காலை வைத்து, எனக்கு முதுகைக் காட்டி நின்றார். பிறகு, எந்நாளும் வளையாத அந்த முதுகை மெல்ல இடது பக்கம் சாய்த்து, காதைக் கொடுத்தார்.