பிளஸ் நாலு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால் கொட்டாவி விடுகிற ஆள் நான். ஆனால் இது நடந்தது. என் தங்கை வீட்டுக்காரருக்கு நடந்தது. மாப்பிள்ளைக்குப் பொய் சொல்ல வராது. சொன்னாலும் அரை நிமிடத்தில் தங்கை பிடித்துவிடுவாள். கடைசியில் வந்த அந்தப் போன் பேச்சைப் பக்கத்தில் உட்கார்ந்து நானே கேட்டேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடந்தது பட்டப்பகலில். மழை, இருட்டு, நாய் ஊளை எதுவும் கிடையாது.

மாப்பிள்ளை இசையமைக்கிறவர். பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டில் சாமான் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து, கதவில் பழைய மெத்தையைச் சாத்தி அதற்கு ஸ்டூடியோ என்று பெயர் வைத்திருந்தார். ஒரு தொலைக்காட்சித் தொடரின் டைட்டில் பாட்டு கைக்கு வந்திருந்தது. முதல் வாய்ப்பு. அதையும் ஒரு தடவை கோட்டை விட்டிருந்தார்.

எப்படி விட்டார் என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் அமுக்கினால் அதற்குக் கார்டு என்று பெயராம். ஏடிஎம் கார்டைத் தவிர வேறு கார்டு தெரியாத எனக்கு இதைப் பத்துத் தடவை விளக்கியிருக்கிறார். சி மேஜர், ஏ மைனர் என்று ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு பெயர். மாப்பிள்ளை பியானோ மாதிரிக் கட்டைகள் உள்ள கீபோர்டில் கார்டுகளை வாசித்து, ஒரு சின்ன மென்பொருளில் துண்டு துண்டாக அடுக்குவார். அங்கே ஒவ்வொரு துண்டின் மேலும் பெயர் அழகாக இருக்கும். அதைப் பாட்டுப் பதிவு செய்கிற பெரிய மென்பொருளுக்கு இழுத்துப் போட்டால் போச்சு. சத்தம் வரும், பெயர் வராது. எல்லாம் கிளிப் ஒன்று, கிளிப் இரண்டு என்று மொட்டையாக நிற்கும். ஒவ்வொன்றாகத் திறந்து கையால் பெயர் தட்ட வேண்டும். அந்தப் பெயரைப் பார்த்துத்தான் கிட்டார்காரர் வாசிப்பார்.

போன தடவை ஒரு பெயர் தள்ளிப் போய், அதற்குப் பின்னால் எல்லாமே தள்ளிப் போய்விட்டது. கிட்டார்காரர் எழுதியிருந்தபடி வாசித்தார். பாடகி ஒரு பக்கம், கிட்டார் ஒரு பக்கம். ஒரு நாள் பதிவு முழுக்கக் குப்பை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

இது நடந்த அன்று, மறுநாள் பதிவுக்காகச் சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஃபைல் போயாக வேண்டும்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மாப்பிள்ளை துண்டுகளை இழுத்துப் போட்டார். நாற்பது துண்டுகள். கையைச் சொடுக்கிக்கொண்டு பெயர் தட்டத் தயாரானார்.

பெயர்கள் ஏற்கெனவே இருந்தன.

"அடடா, அப்டேட் பண்ணிட்டாங்க போல" என்று சந்தோஷப்பட்டாராம். பாவம். ஓடவிட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது. பெயர் சி மேஜர் என்கிறது, காதில் கேட்பது ஈ மேஜர். பெயர் ஏ மைனர், கேட்பது சி ஷார்ப் மைனர். நாற்பதில் ஒன்றுகூடச் சரியில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக அழித்துத் திருத்தினார். பன்னிரண்டு முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். திரும்பி வந்தால் பன்னிரண்டும் பழையபடி இருந்தன. சி மேஜர். ஏ மைனர். எஃப். ஜி.

"ஏய், இங்க எதையாவது தொட்டியா?"

தங்கை டீயோடு வாசலில் நின்றாள். "எனக்கு வேற வேலை இல்லைன்னு நினைப்பா உங்களுக்கு?"

"பின்ன யாரு மாத்தினது?"

"நீங்க சேவ் பண்ணியிருக்க மாட்டீங்க. போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க."

டீயை வைத்துவிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வரக் கிளம்பிவிட்டாள். மணி மூன்றேகால். வீட்டில் மாப்பிள்ளை மட்டும்.

மறுபடி திருத்தினார். சேவ் செய்தார். இரண்டு தடவை சேவ் செய்தார். கண்ணை எடுக்காமல் பார்த்தார். ஒன்றும் மாறவில்லை. அப்பாடா என்று டீயைக் கையில் எடுத்துக் குனிந்து ஒரு வாய் குடித்து நிமிர்ந்தார்.

சி மேஜர். ஏ மைனர். எஃப். ஜி.

அழுகையே வந்துவிட்டதாம். பயத்தில் இல்லை, ஆத்திரத்தில். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது என்றார். கிட்டார்காரருக்குப் போன் போட்டார்.

"அண்ணே, எல்லாப் பேரும் தப்புத் தப்பா வருது. ஈ-யைச் சி-ங்குது. ஏ-வை எஃப்-ங்குது."

கிட்டார்காரர் கொஞ்சம் யோசித்தார். "எல்லாம் சரியா நாலு கீ தள்ளி இருக்கு. உன் கீபோர்டுல டிரான்ஸ்போஸ் போட்டிருக்கியா, பாரு."

கீபோர்டில் அப்படி ஒரு பட்டன் உண்டு. கறுப்புக் கட்டைகளில் விரல் ஓடாதவர்கள் எல்லாப் பாட்டையும் சி-யில், வெள்ளைக் கட்டையிலேயே வாசித்துவிட்டு, அந்தப் பட்டனால் சுருதியை மட்டும் ஏற்றிக்கொள்வார்கள். கை வாசிப்பது ஒன்று, காதில் கேட்பது ஒன்று. மேடைக் கச்சேரிக்காரர்கள் பலருக்கும் அது பழக்கம். மாப்பிள்ளையின் கீபோர்டும் மேடை பார்த்ததுதான். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு அம்மாவிடம் பழசாக வாங்கியது.

திரும்பிப் பார்த்தார். கீபோர்டின் சின்னத் திரையில் பிளஸ் நாலு என்று இருந்தது. நாலு கீ ஏற்றியிருக்கிறது என்று அர்த்தம்.

அவர் அந்தப் பட்டனைத் தொட்டதே இல்லை. இருந்தாலும் நிம்மதி. கை தவறிப் பட்டிருக்கும். பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். அணைத்துவிட்டு மறுபடி போட்டார்.

பிளஸ் நாலு.

அப்போதுதான் உறைத்தது. அந்தப் பட்டன் சத்தத்தைத்தான் மாற்றும். பெயரை எப்படி எழுதும்? பெயர் தட்டுவதற்குக் கீபோர்டில் எழுத்தே கிடையாதே...

கீபோர்டின் வயரைப் பிடுங்கினார். கம்ப்யூட்டருக்குப் போகிற வயர், கரண்ட் வயர், இரண்டையும். கீபோர்டுத் திரை அணைந்தது.

மணி நாலு ஐந்து.

முதல் துண்டில் ஈ மேஜர் என்று திருத்தினார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அழிந்தது. ஒவ்வொரு எழுத்தாக. பின்னாலிருந்து முன்னால். பிறகு ஒவ்வொரு எழுத்தாக வந்தது. சி... மேஜர்.

பின்னால் ஏதோ சத்தம்.

டக்.

கரண்ட் இல்லாத கீபோர்டை வாசித்தால் இசை வராது. பிளாஸ்டிக் அடியில் தட்டுகிற சத்தம் மட்டும் வரும்.

டக். டக்... டக்.

திரும்பினார்.

கட்டைகள் இறங்கி ஏறின. மூன்று மூன்றாக. வெள்ளைக் கட்டைகள் மட்டும்.

ஓடியிருக்க வேண்டியதுதானே என்று நான் கேட்டேன். "கதவு கீபோர்டுக்கு அந்தப் பக்கம் மச்சான்" என்றார்.

  கண் கடிகாரத்துக்குப் போனது. நாலு பத்து. ஐம்பது நிமிடம். ஃபைல் போகாவிட்டால் பாட்டு போச்சு. விட்ட வேலையும் போச்சு. மனைவி, பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பது? பயத்தை மிதித்துக்கொண்டு கோபம் மேலே வந்தது. மாப்பிள்ளை கத்தினார். காலி நாற்காலியைப் பார்த்துக் கத்தினார்.

"யோவ்! நீ பட்டனை அமுக்கிட்டு வாசிப்ப! சரியா கேட்கும்! கிட்டார்காரர் என்ன பண்ணுவாரு? கிட்டார்ல அந்தப் பட்டன் கிடையாதுய்யா!"

கட்டைகள் நின்றன.

  "உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன். இது போனா எனக்கு வேற கதி இல்ல" என்றார். இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

டக்...

ஒரு கறுப்புக் கட்டை இறங்கியது.

டக்... பக்கத்து வெள்ளை. டக்... அடுத்த கறுப்பு. டக்... அதற்கு அடுத்த வெள்ளை.

நாலு.

சி-யிலிருந்து நாலு கீ மேலே போனால் ஈ. கம்ப்யூட்டர் திரையில் சி மேஜர் அழிந்தது. ஈ மேஜர் வந்தது.

டக்... டக்... டக்... டக்.

ஏ மைனர் அழிந்தது. சி ஷார்ப் மைனர் வந்தது.

எண்ணுகிறது... தெரியாத வீட்டுப் படியில் இருட்டில் கால் வைக்கிற மாதிரி, தடவித் தடவி எண்ணுகிறது.

சில இடத்தில் தப்பியது. நின்றது. முதலிலிருந்து எண்ணியது. போகப் போக மெதுவானது. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் மூச்சு வாங்குகிற அளவு இடைவெளி. மாப்பிள்ளை அசையவில்லை.

முப்பத்தெட்டு...

முப்பத்தொன்பது...

டக்... டக்...

நின்றுவிட்டது.

காத்திருந்தார்.

டக்...

... ... டக்.

நாற்பது. மணி நாலு ஐம்பது.

அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

ஃபைலை அனுப்பினார். தங்கை வந்து பார்த்தபோது வெறும் தரையில் உட்கார்ந்திருந்தாராம். காய்ச்சல் என்று நினைத்து நெற்றியைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். மறுநாள் பதிவு நடந்தது. ஒரு பெயர்கூடத் தப்பவில்லை. "இந்தத் தடவை ஒழுங்கா எழுதியிருக்க" என்றார் கிட்டார்காரர்.

அதற்கும் மறுநாள் நான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். கதையைக் கேட்டுச் சிரித்தேன், மறைப்பானேன். "முதல்ல அந்த அம்மாவுக்குப் போன் போடுங்க மாப்பிள்ளை, அந்தப் பட்டன் ரிப்பேரான்னு கேளுங்க" என்றேன். சத்தத்தை வெளியே கேட்கிற மாதிரி வைத்துவிட்டுப் போட்டார்.

"அம்மா, உங்ககிட்ட கீபோர்டு வாங்கினேனே..."

"சொல்லுங்க தம்பி." குரல் அழுது ஓய்ந்திருந்தது. "அவர் போயிட்டாரு. முந்தாநாள் சாயங்காலம். அஞ்சு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்துச்சு."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் சிரிப்பதை நிறுத்தியிருந்தேன்.

"யாரும்மா?"

"எங்க வீட்டுக்காரர்தான். அவர் வாசிச்ச கீபோர்டுதான் அது. பக்கவாதம் வந்து எட்டு மாசமாப் படுக்கை. பேச்சு இல்ல. கை வராதுன்னுதான் அதையும் வித்தோம்."

 "அதுல பிளஸ் நாலு..." என்றார் மாப்பிள்ளை.

"அது என் குரலுக்குத் தம்பி. கச்சேரியில நான்தான் பாடுவேன். எனக்கு அந்த சுருதிதான் ஒத்து வரும். அவருக்கு வெள்ளைக் கட்டையில மட்டும்தான் கை ஓடும். கல்யாணம் ஆனதுல இருந்து அந்தப் பட்டனை மாத்தினதே இல்ல. கடைசி நாள் மத்தியானம் பூரா இடது கை விரலால கட்டில் கம்பியைத் தட்டிக்கிட்டே இருந்தாரு. முதல்ல ஏதோ வாசிக்கிற மாதிரி. அப்புறம் நாலு நாலா. புடிச்சாலும் நிறுத்தல."

 கீபோர்டு மூலையில், வயர் சுற்றி, சுவரைப் பார்த்துச் சாத்தியிருந்தது.

"நடுவுல ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாரு தம்பி. எட்டு மாசம் கழிச்சு. எங்க யாருக்கும் ஒண்ணும் புரியல."

"என்னம்மா சொன்னாரு?" என்று கேட்டது நான்தான்.

"கிட்டார்ல அந்தப் பட்டன் கிடையாதாம்... அப்படின்னாரு."