மழைதான் போலீசு

திருநின்றவூரிலிருந்து கிளம்பிய மின்சார ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். வெயிலில் காய்ந்த முகம். வாசிக்கும்போது வரிக்கு வரி கட்டைவிரலை நகர்த்தினார். கையிலிருந்த பத்திரிகையில் அவர் வாசித்துக்கொண்டிருந்தது என் சிறுகதை. அதில் குற்றம் செய்தவன் கடைசியில் மழையில் நனைந்து அழுவான். அவன் பாவம் கரைந்துவிடும்.

பெருமை தாங்காமல், "நான் எழுதினதுதான்" என்றேன்.

"நல்லாகீது சார். ஆனா மழை பாவத்த கழுவும்னு எழுதிகீறீங்களே! நான் பொக்லைன் ஓட்றவன். பிளாட் போட்றவங்க கூலி குடுத்தாங்கன்னு, எங்க ஏரிக்குத் தண்ணி வர்ற கால்வாய மண்ணு தள்ளி மூடினதே நான்தான். அடுத்த மழைல தெருவுல எல்லார் ஊட்லயும் தண்ணி பூந்துச்சு. எனக்கு மழைதான் சார் போலீசு. மேகம் கறுத்தாலே ஓடி ஒளிஞ்சிகினு இருந்தேன்."

"அப்புறம்?"

"நான்தான் மூடினேன்னு தெருவுல ஒத்துகினேன். எல்லாரும் சேர்ந்து கால்வாய தொறக்கச் சொல்லி கலெக்டராண்ட மனு குடுத்தோம். ஒரு வருசம் அலைஞ்சோம். ஆர்டர் வந்ததும் நானே வண்டிய எட்த்துகினு போய்த் தோண்டினேன். இந்த மழைக்குத் தண்ணி நேரா ஏரிக்குப் போச்சு சார்! தெருவே கரைல நின்னு கத்துச்சு. என்னைத் தூக்கிகினு ஆடினாங்க!"

பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

ஆவடியில் அவர் இறங்கியபோது சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் கூரைக்கு ஓடினார்கள். அவர் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி, நடைமேடையின் நடுவே நடந்து போனார். என் எந்தக் கதையிலும் நான் ஒருவரையும் அப்படி நடக்கவிட்டதில்லை.